நடுவழியில் பதினான்கு மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

மகன் பயணச்சீட்டு எடுத்துவிட்டான். பதின்மூன்றாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறேன். பதினாலாம் தேதி காலை ஆறு இருபதுக்கு நடுவழியில் ஒரு ஊரில் இறங்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அடுத்த விமானம் அன்று இரவு எட்டு இருபத்தைந்துக்கு. பதினான்கு மணி நேரம் ஐந்து நிமிடம்.

நேராகப் போகும் விமானமும் இருந்தது. மகன் இரண்டு முறை கேட்டான். "அப்பா, நிஜமா இதுதான் வேணுமா? உங்க முதுகு தாங்குமா?"

"ஊர் சுத்திப் பார்க்கணும்டா."

மருமகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று மாதமாக இவர்களோடு இருக்கிறேன். தெருமுனைப் பூங்காவைத் தாண்டி எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த நடுவழி ஊரில்தான் அக்கா இருக்கிறாள். இதை இவர்களிடம் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

முப்பத்தொரு வருடம் செய்தியாளனாக இருந்தவன் தன் கதையை மட்டும் ஒழுங்காக எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். யாருக்கும் அல்ல.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் ஊரில் குடிதண்ணீர் கெட்டுப்போனது. நாற்பத்தாறு பேர் மருத்துவமனையில். ஒரு முதியவர் இறந்துபோனார். நீரேற்று நிலையத்தின் தலைமைப் பொறியாளர் என் அக்காவின் கணவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். என் முதல் சட்டைப்பைப் பேனா அவர் கொடுத்தது.

தண்ணீரைத் திறந்துவிடும் முன் தினமும் பரிசோதித்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். தண்ணீர் கெட்ட அன்று, எட்டாம் தேதிப் பக்கத்தின் நகல் எனக்குக் கிடைத்தது. பரிசோதனை முடிவுக் கட்டங்கள் காலி. கீழே அத்தானின் பெயர் முத்திரையும் சுருக்கொப்பமும் இருந்தன.

செய்தி ஆசிரியர் கேட்டார். "மறுதரப்பு வாங்கிட்டியா?" யார்மேல் குற்றம் சொல்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தி போடுவதில்லை. எங்கள் தொழிலில் அது கட்டாயம்.

அத்தான் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். இருபது வருடப் பழக்கம், எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டு எண்ணும் மனப்பாடம். நான் ஒன்று இருபதுக்கு அவருடைய அலுவலக எண்ணுக்கு அடித்தேன். ஒரே ஒரு முறை. ஏழு தடவை மணி அடித்தது. வைத்துவிட்டேன். கடைசிப் பத்தியில் எழுதினேன்: "அவரைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லை."

மறுநாள் அலுவலகத்தில் தோளில் தட்டினார்கள். "சொந்த அத்தானையே விடலையேப்பா." அது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்கு மாதம் கழித்து விசாரணை முடிந்தது. எட்டாம் தேதி அத்தான் விடுப்பில் இருந்திருக்கிறார். பூட்டிய இழுப்பறையிலிருந்த முத்திரையைத் துணைப் பொறியாளர் எடுத்துப் போட்டுவிட்டார் என்று தீர்ப்பு. துணைப் பொறியாளருக்கு வேலை போனது. அத்தான் குற்றமற்றவர். எங்கள் பத்திரிகை ஒன்பதாம் பக்கத்தில் நான்கு வரி திருத்தம் போட்டது. அந்த நான்கு வரியையும் நான்தான் எழுதினேன்.

விடுப்பு எதற்கு? எங்கள் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அன்று காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் அவர். என் அம்மாவுக்கு என்றைக்கு அறுவைச் சிகிச்சை என்பதே எனக்குத் தெரியாது.

வீட்டு எண்ணுக்கு அடித்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் பேசவில்லை. அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட. அத்தான் சீக்கிரமே ஓய்வு பெற்று, அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டார்.

மார்ச் 5, வியாழன்

இப்போது ஏன்? அதையும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் அக்கா மகளிடமிருந்து தகவல். சின்ன வயதில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்தது நான்தான். அந்த வீட்டில் எனக்கு எப்போதாவது இரண்டு வரி எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். "மாமா, அப்பாவுக்குக் குரல்வளையில் கட்டி. எடுத்தே ஆகணுமாம். எடுத்தா பேச முடியாது. பதினாறாம் தேதி திங்கட்கிழமை. சும்மா தெரிவிச்சேன்."

சும்மா தெரிவித்தாளாம்.

நான் பதினாலாம் தேதி அங்கே இறங்குகிறேன். அவர் குரல் இன்னும் இரண்டு நாள் இருக்கும். நான் கேட்காமல் விட்ட மறுதரப்பு அந்தத் தொண்டைக்குள் இருக்கிறது.

மார்ச் 7, சனி

அக்கா வீட்டு எண்ணைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஊரிலிருக்கும் மனைவியோடு பேசினேன். பதினாலு மணி நேரம் விமான நிலையத்தில் என்ன செய்வீர்கள் என்று இவள் கேட்டாள். ஊர் சுற்றிக் காட்டுகிறார்களாம், கடிகாரக் கோபுரம், துறைமுகம் என்று இணையத்தில் படித்ததை ஒப்பித்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "முடிச்சிட்டீங்களா? அது உங்க அக்கா இருக்கற ஊருதானே? முப்பத்தி மூணு வருஷமா உங்ககூட குப்பை கொட்டறேன். கடிகாரம் பாக்கப் போறாராம், கடிகாரம்."



"போனா மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிடாதீங்க. நீங்க விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவங்கதான் தப்பு பண்ணின மாதிரி ஆயிடும்."

மார்ச் 11, புதன்

அக்கா வீட்டுக்கு அடித்தேன். அவள்தான் எடுத்தாள். "யாரு?" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. "அக்கா, நான்தான்" என்றேன்.

வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியுமா? ஒரு தடவை அடித்துவிட்டு 'முயன்றேன்' என்று எழுதுகிறவன்தானே நான். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி அடிக்கவில்லை. ஆக இந்த முறையும் ஒன்றுதான்.

மார்ச் 13, வெள்ளி

பெட்டி கட்டியாகிவிட்டது. மருமகள் கைப்பையில் முதுகு வலி மாத்திரையும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தாள். தண்ணீரை உள்ளே விடமாட்டார்கள் என்றேன். "வாசல் வரைக்கும் குடிங்க மாமா" என்றாள்.

மார்ச் 14, சனி. காலை 7.15

இறங்கிவிட்டேன். முகம் கழுவி, சட்டை மாற்றி, சவரமும் செய்துகொண்டேன். கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறல்.

நீளமான கூடம். சாம்பல் நிறக் கம்பளம். வரிசையாக நாற்காலிகள், படுக்க முடியாதபடி நடுவில் கைப்பிடி. அதையும் மீறி ஒருவர் கைப்பிடிகளுக்கு அடியில் உடம்பை நுழைத்துத் தூங்குகிறார். இந்த மாதிரி இடங்களில் நான் நிறைய நேரம் கழித்திருக்கிறேன். ஒரு வேலை முடிந்து, அடுத்த வேலை தொடங்காத இடம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்குப் பிடித்த இடம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அது நல்ல குணமா?

மூன்றாம் வாயில் அருகே ஒரு மேசை. நீண்ட நேரம் காத்திருக்கும் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். பத்து மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குத் திரும்பும் பேருந்து. மேசையிலிருந்த பெண் ஏதோ கேட்டாள், நானும் தலையாட்டிவிட்டேன். சட்டையில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டாள். எண் 14.

அக்காவைப் பார்க்க வந்தவன் இங்கே எதற்குப் பேர் கொடுத்தேன்?

காலை 8.50

பேருந்தில் போகாமல் தனியாக வெளியே போக வேண்டுமானால் வேறு சன்னலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். விசாரித்தேன். உள்ளூரில் யார் வீட்டுக்குப் போகிறோமோ அந்த முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். சன்னலில் இருக்கும் அதிகாரி அந்த எண்ணுக்கு அங்கேயே அடிப்பார். எடுத்து, 'தெரியும்' என்று சொன்னால் சீட்டு. எடுக்காவிட்டால் இல்லை.

"எத்தனை தடவை அடிப்பீங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒரு தடவைதான்."

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். அக்கா எடுத்து 'யாரென்றே தெரியாது' என்று சொல்லிவிட்டால்? ஒரு கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால், பின்னால் வரிசையில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் யாரென்றே தெரியாது என்று.

டீ ஆறிவிட்டது. காகிதக் கோப்பை.

காலை 9.55

பேருந்துக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் ஊதாக் குடையைத் தூக்கிப் பிடித்துத் தலை எண்ணினாள். ஒன்று குறைந்தது. என் சட்டையைப் பார்த்துக் கையசைத்தாள். எழுந்தேன். இரண்டு அடி அவள் பக்கம்தான் வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. குடைதான் காரணமோ என்னவோ. ஒரு குடைக்குப் பின்னால் போய்க் கடிகாரம் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் இவளிடம் என்ன சொல்வது?

அதிகாரி அக்கா வீட்டு எண்ணுக்கு அடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். மணியை எண்ணினேன். ஐந்தாவதில் எடுத்தார்கள். அக்கா இல்லை. கரகரவென்று, தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு குரல்.

அதிகாரி என் பெயரைச் சொல்லி, இவரைத் தெரியுமா, இவர் உங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சம்மதமா என்று கேட்டாள்.

பின்னால் ஏதோ பாத்திரம் வைக்கும் ஒலி. அப்புறம் அந்தக் குரல்: "தெரியும். என் மச்சினன். அனுப்புங்க."

சீட்டு கையில். மாலை ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும்.

மாலை 5.25

நான்கு ஐம்பத்தைந்துக்கு உள்ளே வந்துவிட்டேன். வரிசைப்படியே எழுதுகிறேன். பதறினால் விட்டுப்போகும்.

ரயிலில் ஐம்பது நிமிடம். இறங்கிப் பன்னிரண்டு நிமிட நடை. நான்கு மாடிக் கட்டடம், மூன்றாம் மாடி, மாடிப்படி. கதவைத் திறந்தது அக்கா. முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். என் கால்களைப் பார்த்தாள். உள்ளே திரும்பிச் சொன்னாள். "வந்தவரை ஷூவைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

அதன் பிறகு நான் 'வந்தவர்'தான். "வந்தவருக்கு டீயா காப்பியா, கேளுங்க." "வந்தவர் சக்கரை போடுவாரா?" இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் கேட்காமல் அத்தானிடம் கேட்கிறாள். எனக்கு எத்தனை சர்க்கரை என்று அவளுக்குத் தெரியாதா? கேட்டது பேச்சுக்குத்தான். அவள் பாட்டுக்கு இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தான் பாதியாகிவிட்டார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். பேசுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். என் சட்டையைக் காட்டினார். ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது.

"என்ன மாப்ளே, பதினாலாம் நம்பர் கைதியா?"

ரயிலில் எல்லோரும் பார்த்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் இவள் சொன்னபடி, முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அத்தான், என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

"இதுக்கா பதினாலு மணி நேரம் எடுத்துட்டு வந்தே? இது ரெண்டு நிமிஷ வேலை."

சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். இப்போது நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை.

"ரெண்டு நிமிஷமா? அம்மா கண்ணுல கட்டோட எங்க வீட்டுலதான் படுத்திருந்தாங்க. தினமும் பேப்பர் வந்ததும் 'தம்பி எழுதினதைப் படி'ம்பாங்க. அன்னிக்கும் படிக்கச் சொன்னாங்க. நானும் உரக்கப் படிச்சேன். பாதி படிச்சதுக்கு அப்புறம்தான் யாரைப் பத்தின்னே எனக்குப் புரிஞ்சுது. நிறுத்திட்டேன். 'ஏன்டீ நிறுத்திட்டே, மேல படி'ன்னாங்க."

நான் தரையைப் பார்த்தேன். பழுப்பு நிறச் சதுரங்கள்.

"மறுநாளேருந்து வாசல்ல ஊர்க்காரங்க சாக்கடைத் தண்ணியக் குடத்துல கொண்டுவந்து ஊத்தினாங்க. நாலு மாசம். வாயாடி பள்ளிக்கூடத்துக்குப் போகல. ஒரு போன். வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம் அக்கா."

அவள் என்ன எதிர்பார்த்தாளோ. அப்புறம் துணி காய்ந்திருக்கும் என்று சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். சலவை அறை அடித்தளத்தில்.

கதவு சாத்தியதும் அத்தான் கேட்டார். "நோட்டு வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"எடு. எழுதிக்கோ. திங்கக்கிழமைக்கு அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. ஆனா உங்க அக்காவுக்கு நான் சொல்ற வரைக்கும் நீ யாருக்கும் சொல்லக் கூடாது. உன் பொண்டாட்டிக்கும்."

எழுதினேன். அவர் சொன்னபடியே இங்கே:

"ஒன்னு. அன்னிக்கு நான் சாப்பிட வீட்டுக்குப் போகல. ஊரே ஆஸ்பத்திரியில கிடக்கும்போது எப்படிப் போறது? மேசையிலதான் இருந்தேன். ஒன்னு இருபதுக்குப் போன் அடிச்சுது. கைக்கு எட்டற தூரம். நீதான்னு தெரியும். எடுக்கல.

"ரெண்டு. பத்திரிகைக்குப் பேசக் கூடாதுன்னு மேலேருந்து சொல்லியிருந்தாங்க. அது சாக்கு. எடுத்தா நீ கேப்பே, முத்திரை எப்படி இன்னொருத்தன் கைக்குப் போச்சுன்னு.

"மூணு. இழுப்பறை பூட்டவே இல்ல. விடுப்புல போறப்ப நான்தான் துணைப் பொறியாளர் கையில குடுத்தேன். 'வேலை நிக்கக் கூடாது, போட்டுக்கோ'ன்னேன். எல்லா வருஷமும் அப்படித்தான். சுருக்கொப்பம்கூட நான் போடற மாதிரியே போடுவான், நான் சொல்லிக் குடுத்தது. விசாரணையில பூட்டியிருந்ததுன்னு சொன்னேன். அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். ஒன்னும் சொல்லல."

மூச்சு வாங்கினார். மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு மிடறு குடித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான்கு முறை தண்ணீர் குடித்தார். நான்கு முறையும் தூக்கிப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா அவ உன்னைத் திட்டறா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கேன். வாய் இருந்தும்."

ஆறுதல் சொல்லலாமா? எந்த உரிமையில்? கேட்டது ஒரு கேள்விதான். பழக்க தோஷம்.

"எப்ப சொல்லப் போறீங்க?"

"இன்னிக்கு சனி. நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"நான் இருக்கும்போதே சொல்லுங்களேன்."

"நீ இருந்தா அவ உன்னைப் பார்த்து அழுவா. என்னைப் பார்த்துதான் அழணும்."

அப்போது கதவு திறந்தது. கூடையோடு அக்கா. நான் நோட்டை மூடினேன். அவள் நோட்டைப் பார்த்தாள். "இங்கயும் பேட்டியா?" என்றாள்.

சூப்பும் ரொட்டியும் கொடுத்தாள். வாயாடிக்கு வேலை நாள், பார்க்க முடியவில்லை. மூன்று இருபதுக்குக் கிளம்பினேன். அத்தான் படி வரைக்கும் வந்தார். அக்கா வரவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது உள்ளேயிருந்து கேட்டது: "வந்தவர் குடையை விட்டுட்டுப் போறார் பாருங்க."

என்னிடம் குடையே இல்லை. திரும்பிப் போய் அதைச் சொன்னேன். கதவோரம் சாய்த்து வைத்திருந்த குடையைப் பார்த்தாள். "வாயாடியோடது" என்றாள். வெளியே தூறல். குடையை எடுத்து என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மாலை 7.40

வாயிலில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறச் சொல்ல இன்னும் இருபது நிமிடம்.

பன்னிரண்டு வருடமாக நான் பொய் என்று நினைத்த வரி உண்மை. அவரைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லை. நான் யாரும் இல்லாத நேரம் பார்த்து அடித்தேன். அவர் இருந்துகொண்டே எடுக்கவில்லை. அதனால் என் தப்பு குறைந்துவிடுமா? குறைந்தால் நன்றாகத்தான் இருக்கும். ரயில் ஏறியதிலிருந்து அதைத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதிய திருத்தமும் தப்பு. பூட்டிய இழுப்பறை என்று எழுதினேன். துணைப் பொறியாளர் என்ற அந்த மனுஷனிடமும் மறுதரப்பு கேட்கவில்லை நான். திருத்தத்துக்கு யார் கேட்பார்கள்?

நாளை சொல்லாவிட்டால்? நாளைக்கு வாயாடி வீட்டில் இருப்பாள், பெட்டி கட்டுவார்கள், யாராவது பார்க்க வருவார்கள். ஒரு நாளில் ஒரு மனிதன் எத்தனை காரணம் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. இவள் கதவைத் திறந்ததும் குடையைப் பார்த்தாள். பெண்கள் பிடிக்கும் பூப்போட்ட குடை. "கடிகாரக் கோபுரத்துல குடுத்தாங்களா?"

"மன்னிப்புக் கேட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னார்?"

"ரெண்டு நிமிஷ வேலைன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். மேலே கேட்கவில்லை. சொல்லாதே என்றால் சொல்லாமல் இருப்பது தொழிலில் எனக்குச் சுலபமாக இருந்தது. வீட்டில் சுலபமாக இல்லை.

அங்கே இப்போது மணி என்ன என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டேன். அங்கே ஞாயிறு முடிந்திருக்கும்.

மார்ச் 16, திங்கள்

மாலை வாயாடியிடமிருந்து: "ஆறு மணி நேரம் ஆச்சு. நல்லபடியா முடிஞ்சுது மாமா."

சொன்னாரா? அதை எப்படிக் கேட்பது அவளிடம்?

மார்ச் 19, வியாழன்

செய்தி இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

வாயாடி ஒரு படம் அனுப்பினாள். கழுத்தில் கட்டு, கையில் சிலேட்டு மாதிரி ஒரு பலகை. அதில் எழுதியிருந்தது: "சூப் உப்பு." பக்கத்தில் அக்காவின் கை மட்டும் தெரிகிறது. கரண்டி பிடித்த கை. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? பெரிதாக்கிப் பார்த்தேன். கைதான்.

இவள் எட்டிப் பார்த்தாள். "என்னத்தைத் தேடறீங்க?"

மார்ச் 29, ஞாயிறு

சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் அக்கா ஏதாவது... என்ன செய்திருப்பாள்? கூப்பிடுவாளா? கூப்பிட்டு என்ன சொல்வாள்? நான் செய்ததை நான் செய்தேன். அவர் எடுக்காதது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் போடாது.

ஒருவேளை பேச முடியாமல் போனதே அவருக்கு நிம்மதியோ? அப்படி ஒரு எண்ணம் வந்தது. அந்த மனிதரைப் பற்றி அப்படி நினைப்பது தப்பு. மறுபடி கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறேன்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கும். சாகும்வரை நான்தான் திட்டு வாங்க வேண்டும். வாங்கிக்கொள்ளலாம். பழகிவிட்டது.

ஏப்ரல் 3, வெள்ளி

முதுகு வலி. மழை. பூப்போட்ட குடையோடு மருந்துக் கடைக்குப் போய்வந்தேன். கடைக்காரர் சிரித்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. இவள் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சோற்றுக் கையோடு இடது கையில் வாங்கினேன்.

"நான்தான்" என்றாள் அக்கா.

"சொல்லு அக்கா."

"அந்தத் துணைப் பொறியாளர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"கண்டுபிடி. உனக்குத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கே. இவர் அவருக்கு எழுதணுமாம். பத்து பக்கம் எழுதி வெச்சிருக்கார். பலகையில எழுதி அழிக்கற ஆளு, பேப்பர்ல எழுதறார்."

"ரெண்டு நாள்ல சொல்றேன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. இவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள், கையில் நீர்க்குவளையோடு.

அக்கா கேட்டாள். "அன்னிக்கு நீ போன் பண்ணியே. எத்தனை தடவை அடிச்சுது?"

"ஏழு."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் மூடி ஏதோ பேசினாள். ஏதோ மேசையில் தட்டும் சத்தம். டக், டக் என்று.

"எட்டுங்கறார்" என்றாள்.

"அவர்தானே பக்கத்துல இருந்தார். அவர் சொல்றதுதான் சரியா இருக்கும்."

"ம்" என்றாள் அக்கா. குரல் உடைந்ததா, இல்லை கம்பியில் கோளாறா, தெரியவில்லை. "குடை பத்திரமா இருக்கா? வாயாடி கேட்டா. வரும்போது எடுத்துட்டு வா."

வைத்துவிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். மார்ச் நான்காம் தேதிப் பக்கம். 'ஏழு தடவை' என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. ஓரத்தில் 'எட்டு' என்று எழுதி, இன்றைய தேதி போட்டேன்.